உப்புநீர்த் தொட்டிக் கலங்கலில் கையின் பங்கு: குடாநாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்கும் வீடு எதுவாயினும், தொட்டியை நிரப்பிய மறுநாள் அங்கே இரண்டு பொருள்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, கலங்கிய தண்ணீர், மற்றது, ஆலோசனை. ஆலோசனை கூறுவோர் மூன்று மதத்தினர். "தண்ணியை மாத்துங்கோ" என்போர் மாற்றுவாதிகள். "ஏதும் மருந்து ஊத்துங்கோ" என்போர் மருந்துவாதிகள். "மணலை அள்ளிக் கழுவிப் போட்டுப் பாருங்கோ" என்போர் கழுவல்வாதிகள். தமக்குள் எவ்வளவு முரண்பட்டாலும், தொட்டிக்குள் கை போகவேண்டும் என்பதில் இம்மூவரும் ஒருமித்தவர்கள். அந்த ஒற்றுமையையே இக்கட்டுரை ஐயுறுகிறது. புதிய தொட்டியில் கலங்கல் உண்டாவது இயற்கையால். நீடிப்பது கையால் என்பதே இங்கு நிறுவப்படும் முடிபு. கை என்றது முழங்கைவரை நனையும் உறுப்பை மட்டுமன்று. அது பிடித்திருக்கும் வாளி, அகப்பை, மருந்துப் போத்தல் யாவும் அதனுள் அடங்கும்.

முதலில் தண்ணீரின் பூர்வீகத்தை ஆராய்வோம். குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே மேலே வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். போதாததற்கு, தோட்டத்து உரமும் மலக்குழியும் பல கிணறுகளில் நைத்திரேற்றைச் சேர்த்துவிட்டன. இத்தண்ணீரில் கடலுப்பைக் கரைத்தால் சுண்ணம் மிகுந்து வெள்ளைக் கலங்கலும், நைத்திரேற்றை உண்டு பாசி பெருகிப் பச்சைக் கலங்கலும் வரக்கூடும். ஆகவே விவரமறிந்தோர் சவ்வினூடே வடித்த ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி, லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வெளிநாட்டு மீன்தொட்டி உப்புச் சேர்க்கிறார்கள். வடமராட்சி கிழக்குத் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரவல்ல ஆலை 2024 முதல் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறது. பிரித்த உப்பை மீண்டும் சேர்க்கும் பொறுப்பை மீன்தொட்டிக்காரர் ஏற்றிருக்கிறார். ஆனையிறவு உப்பு இருக்க வெளிநாட்டு உப்பு எதற்கு என்று சுதேசிகள் வினவலாம். உப்பளப் பாத்தியில் கல்சியச் சேர்மங்கள் முன்னதாகவே படிந்துவிடுகின்றன. மக்னீசியம் கடைசிக் கசப்புநீரோடு போய்விடுகிறது. நடுவில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. அது குழம்புக்குப் போதும், கடலாகப் போதாது.

கலங்கலின் முதல் வகை தூசு. பவள மணலோடு வரும் மிக நுண்ணிய சுண்ணத் துகள் அது. அவசரப்பட்டு உப்பின்மேல் தண்ணீரை ஊற்றுவோர் அதே இடத்தில் கல்சியம் காபனேற்றைப் பாலாகப் பிரியவைத்து இத்தூசைத் தாமே உற்பத்தி செய்கிறார்கள். துகள் நீரில் அமிழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஒத்து மாறும் என்று ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் 1851இல் காட்டினார். அக்கணக்கின்படி, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தடிப்புள்ள துகள், ஒன்றரை அடி ஆழமுள்ள அசையாத தண்ணீரில் அடியை அடைய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். அதிலும் பத்திலொன்று தடிப்பானால் நான்கைந்து நாள். நான்காம் நாள் பின்னேரம் ஒருவர் மணலைக் கிளறினால், அத்துகளின் கணக்கு மறுபடி முதலாம் நாளிலிருந்து தொடங்குகிறது. கழுவல்வாதிகளின் கொள்கை பிழையன்று, ஒருநாள் பிந்தியது. மணலைக் கழுவவேண்டிய இடம் கிணற்றடி. காலம், தொட்டியில் இடுவதற்கு முன்.

இரண்டாம் வகை உயிருள்ளது. ஓரிரு நாளில் தொட்டி முழுவதும் ஒரே சீராக வெண்புகை படர்ந்தால், அது பெருகிய பற்றீரியாக் கூட்டம். அழுகலை உண்ணும் பற்றீரியாக்கள் வசதி கிடைத்தால் மணிக்கணக்கில், சிலவேளை நிமிடக்கணக்கில் இரட்டிக்கும். அமோனியாவை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களோ நிதானமானவை, இரட்டிக்கவே நாட்கணக்காகும். 1890 அளவில் செர்கேய் வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்ததற்கும் பெரும் பொறுமை வேண்டியிருந்தது. அவை கல்லிலும் மணலிலும் குடியேறி முடிக்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரமாகும். அதற்குள் உணவு தீர்ந்து வெண்புகை தானே அடங்கும். மாற்றுவாதி தண்ணீரை மாற்றிக் கல்லையும் மணலையும் தேய்த்தால், குடியேறியவை வெளியேற்றப்படும். புகை மீண்டும் எழும்.

இனி மறுப்புகள். 1846இல் லண்டனில் அன்னா தைன் என்ற பெண்மணி கடற்பவளங்களை வீட்டில் வளர்த்தபோது, பணிப்பெண் திறந்த யன்னலருகே நின்று தண்ணீரை மாறிமாறி ஊற்றினாள். ஆகவே இத்துறையே கையால் பிறந்ததன்றோ என்பது வரலாற்று மறுப்பு. அவள் செய்தது காற்றூட்டல். அந்த வேலையை மோட்டர் பொறுப்பேற்றபின் கைக்குப் பதவி இல்லை. பெருகிய பற்றீரியா ஒட்சிசனை உறிஞ்சுவதால் மோட்டரை மட்டும் நிறுத்தலாகாது. கரண்ட் போகும் ஊரில் பற்றரிக் காற்றூட்டி ஒன்று வேண்டும். முன்னோர் பானையில் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்தார்களே என்பது மரபு மறுப்பு. அது சேற்றுத் தண்ணீருக்கானது. கடல்நீரின் உப்பே களித்துகள்களை ஒட்டித் திரளவைத்துவிடும். படிகாரம் இடலாமே எனில், அது தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கும். கடலுயிருக்கு வேண்டியதே அந்தக் காரத்தன்மை. பச்சைக் கலங்கலுக்கும் பரிகாரம் விளக்கை அணைப்பதே. அதற்கு ஒரு விரல் போதும்.

வலுவான சான்று குடாநாட்டாரின் சொந்த வழக்கத்திலேயே கிடக்கிறது. கிணறு இறைத்துச் சேறு வாரிய அன்று, ஊறிவரும் கலங்கல் தண்ணீரில் எவரும் வாளி விடுவதில்லை. "தெளியட்டும்" என்று விட்டுவிடுவார்கள். கிணற்றுக்கு ஊற்றுண்டு, தொட்டிக்கு இல்லையே எனலாம். தொட்டிக்கு வடிகட்டியுண்டு, கிணற்றுக்கு இல்லை. கிணற்றுக்குக் காட்டும் மரியாதையைக் கண்ணாடித் தொட்டிக்குக் காட்டாததற்கு ஒரே காரணம், கிணறு வரவேற்பறையில் இல்லாமைதான்.

விதிவிலக்கு ஒன்றே. தொட்டி மணத்தால், கல்லிடுக்கில் ஏதோ செத்து அழுகுகிறது. அப்போது கை போகலாம், போகவும் வேண்டும். மற்றப்படி உப்பை வெளியே கரைத்து ஊற்றுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் சுழியமாகும்வரை மீன் வாங்காதீர்கள். உயிர்ப்பவளத்தைக் கடலிலிருந்து பெயர்ப்பது குற்றம், அதையும் செய்யாதீர்கள். ஆலோசனை சொல்ல வருபவர்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுங்கள். இரண்டு கையும் நிறைந்திருக்கும்.