ஹாலில் ரேஸ் கார் நிறுத்த விரும்புவோருக்கு

முதலில் வீட்டில் அனுமதி. "கார் ரேஸ் கேம் ஆடக் கம்ப்யூட்டரும் ஸ்டியரிங்கும் வேண்டும்" என்று கேட்டு அனுமதி வாங்கிய தமிழர் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே மாணவராக இருந்தால் 'கோடிங்' என்று சொல்லுங்கள், வேலைக்குப் போகிறவராக இருந்தால் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லுங்கள், இரண்டுமில்லை என்றால் 'வீடியோ எடிட்டிங்' இருக்கவே இருக்கிறது. கோடிங்குக்கு ஸ்டியரிங் எதற்கு என்ற கேள்வி பிறகு வரும். வரும்போது பணம் கட்டி முடித்திருப்பீர்கள்.

அடுத்தது பட்ஜெட். ஒரு தொகையை முடிவு செய்து, தெளிவாகத் தாளில் எழுதி, தாளை வீட்டிலேயே விட்டுவிட்டு ரிச்சி தெருவுக்குப் போகவும். மவுன்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி நாலு கடை தாண்டுவதற்குள் "என்ன பாஸ் பாக்குறீங்க?" என்று ஒருவர் கேட்பார். "கேமிங் பிசி" என்றதும் "ஐ7 போட்டுடலாம் பாஸ்" என்பார். தலையாட்டிவிடுங்கள். எந்த வருடத்து ஐ7 என்று கேட்பது அநாகரிகம். 2011இல் வந்த 2600ம் ஐ7தான், பத்து வருடம் கழித்து வந்ததும் ஐ7தான். ஏதோ ஒரு அலுவலகத்தில் பல வருடம் எக்செல் ஓட்டிக் களைத்த பிராசஸருக்கும் ஓய்வுகாலத்தில் ஒரு வீடு வேண்டாமா?

பாகங்களில் தலையாயது லைட். மற்றதெல்லாம் உள்ளே எங்கோ கிடப்பவை. லைட் மட்டும்தான் தெரு வரை தெரியும். எனவே முன்பக்கமும் பக்கவாட்டும் முழுக் கண்ணாடியாக உள்ள கேபினெட்டை எடுங்கள். அதற்குள் ஏழெட்டு வண்ண விசிறி, வண்ண ராம், வண்ணக் கேபிள். முன்பக்கம் வலை போட்ட கேபினெட்டில் காற்று நன்றாகப் போய் வரும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். காற்றை யார் போட்டோ எடுக்கிறார்கள்? விசிறியானாலும் லிக்விட் கூலரானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது, சென்னை மே மாதத்தில் அந்தக் கணக்கே 36, 37 டிகிரியிலிருந்துதான் தொடங்கும் என்பதையும் கவனிக்க வேண்டாம். கேபினெட்டை மேஜைக்கடியில் கதவு வைத்த மரத் தட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் விஷயம் முழுமை பெறும். லைட் தெரியாதே என்றால், அதற்காகத்தான் கதவைத் திறந்து காட்டுவது.

பிராசஸர் விஷயத்தில் கோர் எண்ணிக்கையைப் பார்த்தே வாங்கவும். பதினாறு கோர் எட்டை விடப் பெரிது என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் கார்ப் பந்தய கேம்கள் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. ஐரேசிங் போன்ற கேம் உங்கள் காரின் டயர், சஸ்பென்ஷன் இயக்கத்தை நொடிக்கு 360 முறை கணக்கிடுகிறது. எதிரே இருக்கும் இருபது, இருபத்தைந்து கார்களையும் கம்ப்யூட்டரே ஓட்டும் கேம் என்றால் அந்தச் சுமையும் சேரும். இந்தக் கணக்குகளைப் பல கோர்களுக்குச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்க முடிவதில்லை. வேண்டிய தரவு பிராசஸரின் பக்கத்திலேயே கிடக்கிறதா என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 2022இல் ஏஎம்டி கொண்டுவந்த 5800எக்ஸ்3டி எட்டுக் கோர்தான். ஆனால் அதில் கேஷ் நினைவகத்தை மாடி கட்டி 96 எம்பி ஆக்கினார்கள். அது கேம்களில் பதினாறு கோர்க்காரர்களை ஓரங்கட்டியது. பிறகு 2023இல் 7800எக்ஸ்3டி, 2024இல் 9800எக்ஸ்3டி. ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இந்த '3டி'யைத்தான் கேட்கிறார்கள். நீங்களும் அதையே கேட்டால் உங்களுக்கென்று என்ன தனித்தன்மை இருக்கிறது?

மதர்போர்டைப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். டிராகன், டைட்டன் என்று ஏதாவது இருக்கட்டும். பின்பக்கம் எத்தனை யுஎஸ்பி துளை என்று எண்ணாதீர்கள். ஸ்டியரிங்குக்கு ஒன்று, பெடலுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, ஹேண்ட் பிரேக்குக்கு ஒன்று, ஹெட்செட், கீபோர்டு, மவுஸ் என்று மாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் பந்தயம் தொடங்கும் நேரத்தில் கீபோர்டைப் பிடுங்கிப் பெடலைச் செருகும்போது அந்தக் கணக்கு தானே வந்துவிடும்.

ராமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2025 கடைசியில் ஏஐ சர்வர்காரர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் விலை ஏறிக் கிடக்கிறது. 32 ஜிபி வாங்கினால் அதை ஒரே குச்சியாக வாங்கி, பயாஸில் ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ ஆன் செய்யாமல் விட்டுவிடுங்கள். கொடுத்த காசுக்குரிய வேகம் வராது. எஸ்எஸ்டி எதுவானாலும் சரி.

கிராபிக்ஸ் கார்டில் பெட்டியின் மேலிருக்கும் பெரிய எண்ணை மட்டும் படிக்கவும். 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு கார்டுகள் 2025இல் வந்தன. "ரெண்டும் ஒண்ணுதான் பாஸ்" என்று கடைக்காரர் சொன்னால் நம்புங்கள். விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வந்து, அதில் மூன்று மானிட்டர்களை மாட்டுங்கள். ரேஸ் என்றால் மூன்று மானிட்டர் கட்டாயம். பக்கத்தில் வரும் கார் தெரிய வேண்டுமே. 1440பி திரைகள் மூன்று என்றால் ஒரு கோடியே பத்து லட்சம் புள்ளிகள். ஒரு 4கே திரைக்கே சுமார் 83 லட்சம்தான். கார்டு முனகும், நீங்கள் கேம் செட்டிங்கில் பார்வையாளர்களை அழிப்பீர்கள், பிறகு நிழலை, பிறகு மரங்களை. கடைசியில் பாலைவனத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். 27 அங்குலத் திரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம். மூன்றும் சேர்ந்து ஆறடி. ஹாலில் சோபா இருந்தால் அதை முதலில் ஓஎல்எக்ஸில் போடவும்.

எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றி மட்டும் ஒரு நிமிடம் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். கேபினெட்டோடு இலவசமாக வருவதை மாட்டாதீர்கள். அதன் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு பெரும்பாலும் கதை. 5090 கார்டு ஒன்று மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். 2022இல் 4090 கார்டுகளின் பவர் கனெக்டர் உருகிய படங்கள் உலகமெங்கும் சுற்றின. முழுதாக உள்ளே போகாமல் செருகிய கேபிள்தான் அதற்குப் பெரிய காரணம் என்றார்கள். ஆகவே 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். யுபிஎஸ்ஸிலும் எண்ணை நம்ப வேண்டாம்: 600 விஏ என்றால் 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். இப்போது மறுபடி கிண்டலுக்கு வரலாம்.

ஸ்டியரிங்கும் பெடலும் கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில் வாங்க வேண்டியவை. அதாவது, வாங்க முடியாத நிலையில். ஒன்றரை லட்சத்தில் பெட்டியைக் கட்டிவிட்டு, யாரோ விற்கும் பழைய வீலைப் பேரம் பேசுவதுதான் மரபு. லாஜிடெக்கின் ஜி29 2015இல் வந்தது. உள்ளே பல்சக்கரம், கைக்கு வரும் விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். டைரக்ட் டிரைவ் என்பதில் மோட்டாரின் தண்டிலேயே வீல் உட்கார்ந்திருக்கும். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடியில் அந்த விசை 5 நியூட்டன் மீட்டர், மோசா ஆர்9இல் பெயருக்கேற்ப 9. டைரக்ட் டிரைவ் வாங்கியே தீருவேன் என்றால், சாப்பிடும் மடக்கு மேஜையில் மாட்டுங்கள். முதல் திருப்பத்தில் வீல் மேஜையைத் திருப்பும், நீங்கள் மேஜையைப் பிடித்துக்கொள்வீர்கள்.

பெடலில்தான் சூட்சுமம். மலிவான பிரேக், கால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளக்கும். லோட் செல் வைத்த பிரேக், கால் எவ்வளவு அழுத்தியது என்று அளக்கும். நிஜ ரேஸ் காரில் பிரேக் பெடல் அதிகம் நகராது, எல்லாமே அழுத்தம்தான். நம் கால் தூரத்தை விட அழுத்தத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், லோட் செல் வந்ததும் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் ஒரே அளவில் விழத் தொடங்கும். நூர்பர்க்ரிங்கின் பழைய டிராக் ஒரு சுற்றே 20.8 கிலோமீட்டர். அதில் நேரம் குறைவது இந்த ஒரு பாகத்தால்தான், ஏழெட்டு விசிறியால் அல்ல. ஆனால் வீட்டுக்கு வருகிறவர் யாரும் மேஜைக்கடியில் குனிந்து பிரேக்கைப் பார்த்து "அடேயப்பா" என்று சொல்வதில்லை. எனவே வாங்க வேண்டாம். கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கியபோது அவர் காரில் வண்ண லைட் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.

மீறி லோட் செல் வாங்கினால், சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்காருங்கள். நாற்பது கிலோவுக்கு அழுத்திப் பிரேக் அடித்தால் திரையில் கார் நிற்கும், நாற்காலி கிளம்பும். பின்னால் சமையலறை வாசல். "என்னங்க இது?" என்று தோசைக் கரண்டியோடு நிற்பவரிடம் வொர்க் ஃப்ரம் ஹோம் என்று சொல்லலாம். ரிச்சி தெருவிலிருந்து கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை, அங்கே உடைத்துப் போட்ட காரின் சீட் கிடைக்கும், வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் ஒரு சட்டம் அடித்து அதில் சீட்டையும் பெடலையும் போல்ட் போட்டு இறுக்கினால் எதுவும் அசையாது என்றெல்லாம் சிலர் யோசனை சொல்வார்கள். இதற்கென்றே விற்கும் வெளிநாட்டுச் சட்டத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது அவமானகரமான அளவுக்கு மலிவு. காது கொடுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்றா? இப்போது மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல், மேலே மதர்போர்டில் இருக்கும் துளையில் செருகவும். இவ்வளவு செலவழித்த கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, பிராசஸரில் இருக்கும் குட்டி கிராபிக்ஸ் திணறிக்கொண்டு ஓட்டும். 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர் என்றால் அதுவும் கிடையாது, திரை கறுப்பாகவே இருக்கும். கடைக்காரரைத் திட்டி போன் போடுங்கள். கேபிள் சரியாக இருந்தால், விண்டோஸ் செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60இலேயே விட்டுவைக்கவும். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிவிட்டு "நல்ல ஸ்மூத்தா இருக்கு" என்பவர்கள் உண்டு.

கரன்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். கம்ப்யூட்டரும் திரைகளும் சேர்ந்து 500 வாட், தினமும் மூன்று மணி நேரம் என்றால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பத்து யூனிட்டை வீட்டிலுள்ள மற்றவர்கள் ஃபேன், ஃபிரிட்ஜ், மிக்ஸிக்குப் பயன்படுத்திக்கொள்ளட்டும். அந்த 500 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும், அதை வெளியேற்ற ஏசி ஓடும் என்பது தனிக் கணக்கு.

மேலே சொன்ன எதையும் நீங்கள் கேட்கப்போவதில்லை என்று தெரியும். இதை மட்டும் கேளுங்கள்: பில்லோடு வாங்குங்கள், வாங்கிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். பல பாகங்களுக்கு வாரன்டி மூன்று வருடம். கடையில் தரும் சின்னப் பேப்பர் பில்லில் எழுத்து ஒரு கோடையைத் தாண்டாது.