மறைமலைநகர்ப் பட்டறைகளில் டேலி ஃபோல்டர் பரிமாற்றம்: ஓர் ஆய்வு

ஒரு பட்டறைக்கு இரண்டு முதலாளிகள் இருந்தால் அதற்கு இரண்டு கணக்கு இருக்கும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். கருப்பு, வெள்ளை என்று வாசகர் அவசரப்பட வேண்டாம். அது வேறு துறையினரின் ஆய்வுப்பொருள். இங்கே பேசப்படுவது டேலி என்னும் கணக்கு மென்பொருள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட லேத் பட்டறையில் மாமா மறைமலைநகரில் உட்கார்ந்து பில் போடுகிறார். அவருடைய மச்சினன் சிங்கப்பெருமாள்கோவில் வீட்டிலிருந்து போடுகிறார். கம்பெனியின் மொத்தக் கணக்கையும் டேலி, எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரில் வைக்கிறது. அந்த ஃபோல்டர் காலையில் பென்டிரைவில் ஏறி, ஜி.எஸ்.டி. சாலை வழியே பைக்கில் போய், மாலையில் திரும்புகிறது. அங்கே போட்ட 147ஆம் பில்லும் இங்கே போட்ட 147ஆம் பில்லும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. கடைசியாக 'ரீப்ளேஸ்' அமுக்கியவருடையதுதான் பிழைக்கும்.

நோய் முற்றியது 2023இல். அந்த ஆண்டு வந்த டேலிபிரைம் 3.0, ஒரே கம்பெனிக்குள் பல ஜி.எஸ்.டி. பதிவுகளை வைத்துக்கொள்ள வழி செய்தது. அதற்காகத் தரவின் அமைப்பையே மாற்றியது. பழைய கணக்கை அதில் திறந்தால் 'மைக்ரேட்' செய்யச் சொல்லும். செய்தபின் அது பழைய வெளியீட்டில் திறக்காது. களப்பணியில் பதிவான உரையாடல்:

"மாப்ள, என் சிஸ்டத்துல கம்பெனியே தொறக்க மாட்டேங்குது."

"நீங்களும் புதுசுக்கு மாறிடுங்க மாமா."

"நல்லாத்தானே ஓடிட்டிருக்கு, எதுக்கு மாறணும்?"

இக்கடைசி வினாவுக்கு ஆய்வுலகம் இன்னும் மறுப்பு எழுதவில்லை. மாமாவைக் கேலி செய்யவும் வேண்டாம். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையே பழைய எக்செல் வடிவத்தை வைத்துக்கொண்டு, அதன் 65,536 வரிசைக்குள் அடங்காத 15,841 கொரோனா நோயாளிகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது.

நமக்கோ இந்த இரட்டைக் கணக்கு பரம்பரைச் சொத்து. வாக்கியப் பஞ்சாங்கக்காரரும் திருக்கணிதப் பஞ்சாங்கக்காரரும் ஒரே வானத்துக்குத் தனித்தனிப் பேரேடு வைத்திருக்கிறார்கள். சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 29.3.2025, வாக்கியப்படி 6.3.2026. இடைப்பட்ட காலமெல்லாம் ஒரே கிரகம் இரண்டு ராசியில் குடித்தனம் நடத்தியது, யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. வரித்துறை அத்தனை தாராளம் இல்லை: மாதந்தோறும் கணக்குக் காட்டுவோர் ஜி.எஸ்.டி.ஆர்-1ஐ 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். 10ஆம் தேதி இரவு குடும்ப உறவுகள் அடையும் நிலை தனி ஆய்வேட்டுக்கு உரியது.

மாற்று வழி உண்டு. ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு அலையாமல், மாமா அன்றன்று போட்ட வவுச்சர்களை மட்டும் எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து அனுப்ப, மச்சினன் தன் புதிய டேலியில் ஏற்றிக்கொள்ளலாம். பில் எண்ணுக்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துப் போட்டால் 147கள் மோதாது. எது மூலக் கணக்கு என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மாமா இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

அதுவரை கூட்டாகத் தொழில் செய்வோருக்கு ஒரு விண்ணப்பம்: திரையில் 'மைக்ரேட்' என்று வந்தால், பேக்கப் எடுங்கள், 'ஆம்' கொடுப்பதற்கு முன் கூட்டாளிக்கு ஒரு போன் போடுங்கள்.