மூணு வாய்தா

எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸ். ஒரு வக்கீல், சம்பளம் என்ற சொல்லை இன்னும் கேள்விப்படாத ஒரு ஜூனியர், எல்லாம் தெரிந்த ஒரு குமாஸ்தா. வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்கவேண்டுமாம். அதனால் நம்மவர் ஊரில் ஒரு கல்யாணம் விடமாட்டார். ஐநூறு ரூபாய் மொய், முன்வரிசை நாற்காலி, வெயிலிலும் கருப்புக் கோட்டு. பந்தியிலேயே இரண்டு பாகப்பிரிவினை வழக்கு தேறிவிடும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இல் வந்தது. விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று கட்டளை 17-இல் பின்னால் சேர்த்தார்கள். இதை எங்கேயோ கேள்விப்பட்ட கட்சிக்காரர் படியேறி வந்தார்.

“ஐயா, நமக்கு முப்பத்திநாலு ஆச்சுங்களே?”

“நாம கேட்டது மூணுதாம்ப்பா. மிச்சத்துல ஜட்ஜ் லீவு, கோர்ட் புறக்கணிப்பு, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்.”

குமாஸ்தாவுக்கு வேறு கவலை. 2024 ஜூலை 1 முதல் மோசடிக்கான 420ஆம் பிரிவு 318 ஆகிவிட்டது. “ஏங்க, ஒருத்தனை ‘முன்னூத்திப் பதினெட்டு’ன்னு திட்டினா அவனுக்குக் கோபம் வருமா? மானநஷ்ட வழக்கே வராதுங்களே!”