பேரைச் சொல்ல மாட்டோம், ஆனால்...

2023 ஜூலையில் ஐந்து நாட்களுக்கு இங்கிலாந்தே தூக்கத்தைத் தொலைத்தது. போர், பூகம்பம் ஏதுமில்லை. 'தி சன்' பத்திரிகை ஜூலை 7-ம் தேதி ஒரு குண்டைப் போட்டிருந்தது: பி.பி.சி.யின் பிரபல டி.வி. முகம் ஒன்று, அந்தரங்கப் படங்களுக்காக இளவயது நபர் ஒருவருக்கு 35,000 பவுண்டு கொடுத்ததாம். யார் அந்த முகம்? அதை மட்டும் சொல்ல மாட்டோம் என்று அடம்.

போதாதா? கேரி லினெக்கர், ஜெரமி வைன், ரைலன் கிளார்க், நிக்கி கேம்பல் என்று ஒவ்வொருவராக ஓடிவந்து "சத்தியமா நான் இல்லீங்க!" என்று ஊரறியச் சொல்ல வேண்டியதாயிற்று. கல்யாண வீட்டில் செயின் காணாமல் போனால் வந்த விருந்தாளி அத்தனை பேரும் கைப்பையைத் திறந்து காட்டி நிற்பது போல! வாயைத் திறக்காதவர் மேல் சந்தேகம். முந்திக்கொண்டு மறுத்தவர் மேல் டபுள் சந்தேகம்.

பெரிய காமெடி பி.பி.சி.யின் பாடுதான். 'பி.பி.சி. தொகுப்பாளர் ஒருவர் மீது புகார்' என்று அதன் செய்தி வாசிப்பாளர்களே வாசிக்க வேண்டும். பார்க்கிறவர்கள் செய்தியையா கேட்டிருப்பார்கள்? வாசிக்கிறவர் முகத்தையல்லவா பார்த்திருப்பார்கள், வியர்க்கிறதா என்று!

ஜூலை 12 அன்று 'அது என் கணவர்தான்' என்று மனைவியே அறிக்கை விட்டார். ஹியூ எட்வர்ட்ஸ். முந்தைய வருஷம் எலிசபெத் ராணி இறந்த செய்தியைக் கறுப்பு டையோடு நாட்டுக்குச் சொன்ன அதே கம்பீரக் குரல். 'சன்' எழுதிய விவகாரத்தில் குற்றம் நடந்ததற்குத் தடயம் இல்லை என்றது போலீஸ். அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்கள் விஷயத்தில், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியது அந்த ஐந்து நாள்தான். ஒரு பேரை மறைத்து வைத்ததற்கு, சம்பந்தமே இல்லாத பத்துப் பேர் பதில் சொன்ன ஐந்து நாள்.

'வெள்ளைக்காரன் ஊர்லயே இப்படியா!' என்று வியக்காதீர்கள். இந்த விஷயத்தில் அவர்கள் ஜூனியர்கள். சீனியர்களைப் பார்க்க பூந்தமல்லி ஹை ரோட்டுக்கு வாருங்கள்.

வம்புக்கென்றே போட்ட சாலையோ என்று சமயத்தில் எனக்குத் தோன்றும். சென்ட்ரலில் கிளம்பி மேற்கே பூந்தமல்லிக்குப் போகிறது. சென்ட்ரல் பக்கத்து முனையில், கூப்பிடு தூரத்து வேப்பேரியில், 1944-ல் தமிழகத்தின் வம்புச் சக்கரவர்த்திக்குக் கத்திக்குத்து விழுந்தது. பூந்தமல்லி முனையையும் தாண்டிப் போனால், செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் பிக் பாஸ் வீடு. நடுவிலுள்ள சாலைக்கு, ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதே என்று ஆயுசு பூரா கத்திய பெரியார் ஈ.வெ.ரா.வின் பெயர்!

அந்தச் சக்கரவர்த்தி சி.என்.லட்சுமிகாந்தன். ஃபோர்ஜரி வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்த அனுபவசாலி. 1943-ல் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். எந்த நடிகர் யாரோடு, எந்த நடிகை எங்கே, இதுதான் தலையங்கம், இதுதான் உள்ளடக்கம். உலக யுத்தம் நடக்கிறது. மெட்ராஸில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சனம் ஊரைக் காலி செய்து, அப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. அந்தச் சனம் முதலில் கேட்டது அரிசியை. அடுத்து கேட்டது 'சினிமா தூது' வந்துடுச்சா என்பதை.

அவருடைய பிசினஸ் மாடல் இருக்கிறதே, ஐ.ஐ.எம்.மில் பாடமாக வைக்கலாம். அச்சடித்ததை விற்று வந்த வருமானம் ஒரு பக்கம். அச்சடிக்காமல் இருப்பதற்காகப் பெரிய மனிதர்கள் கொடுத்ததாகப் பேசப்பட்ட வருமானம் இன்னொரு பக்கம். பேப்பர் செலவு, மை செலவு எதுவும் கிடையாது. எழுதாத கட்டுரைக்கு சன்மானம் வாங்கிய ஒரே தமிழ் எழுத்தாளர் அவராகத்தான் இருப்பார்!

எரிச்சலின் உச்சிக்குப் போன திரையுலகம் கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தது. மனுவோடு போனவர்கள் சூப்பர் ஸ்டார் எம்.கே.தியாகராஜ பாகவதர், நகைச்சுவை மன்னர் என்.எஸ்.கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு. கவர்னர் 'சினிமா தூது'வின் லைசென்ஸை ரத்து செய்தார். ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது.

கொஞ்சம் நில்லுங்கள். இந்த ஹோப் துரை யார் தெரியுமா? செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மக்கள் அள்ளிக்கொடுத்த பணத்தில் கைவைத்து, தன் சூதாட்டக் கடனை அடைத்த புண்ணியவான். 1946-ல் லண்டன் அவரைச் சத்தமில்லாமல் திரும்ப அழைத்துக்கொண்டது. காரணம் வெளியே கசியவே பல பத்தாண்டுகள் ஆயின. நடிகர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பென்சிலோடு காத்துக் கிடந்தாரே லட்சுமிகாந்தன், மெட்ராஸின் நம்பர் ஒன் கிசுகிசு கவர்னர் மாளிகையில் இருந்தது அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை!

லைசென்ஸ் போனால் என்ன? 'இந்துநேசன்' என்ற பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு பழைய வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ம் தேதி, வேப்பேரியில் வக்கீல் நண்பரைப் பார்த்துவிட்டுக் கைரிக்‌ஷாவில் திரும்பும்போது வழிமறித்துக் குத்தினார்கள். குத்துப்பட்ட பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் ஜி.எச்.சில் இறந்துபோனார்.

இனிமேல்தான் ஊர் ஆரம்பித்தது. யார் செய்திருப்பார்கள்? வம்பு எழுதிய மனிதரே இப்போது வம்பாகிவிட்டார்! டிசம்பரில் பாகவதர், கிருஷ்ணன், நாயுடு மூவரும் கைதானார்கள். பாகவதர் என்றால் சும்மாவா? சிகைக்கு 'பாகவதர் கிராப்' என்று சலூன்களில் தனி ரேட் வைக்காத குறை. அப்பேர்ப்பட்ட மனிதர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார், எதிரே ஜூரிகள். ஜூரி என்றால் யார்? அதே சினிமாவைப் பார்த்து, அதே வம்பைக் கேட்டு வளர்ந்த நம்மூர் ஜென்டில்மேன்கள்தான்! 1945 மே மாதம் நாயுடுவுக்கு விடுதலை, மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை.

இந்த இடத்தில் நம் ஜனங்களின் பெரிய மனதைப் பாராட்டியே ஆக வேண்டும். கைதுக்கு முன்பு தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம் அது. ஒழுக்கம் கெட்டுத் திரிந்து கடைசியில் திருந்துகிற நாயகன் வேடம். தியேட்டருக்குள் பாகவதருக்குக் கண்ணீர் விட்டார்கள். இன்டர்வெல்லில் டீ குடிக்க வெளியே வந்து, 'அவன்தாம்ப்பா ஆளை வெச்சுக் குத்தினது' என்றார்கள். பெல் அடித்ததும் மறுபடி உள்ளே போய் அழுதார்கள்.

கேஸ் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். நாடு சுதந்திரம் அடைய இன்னும் நாலு மாசம்! கிருஷ்ணன் தூசியைத் தட்டிவிட்டு மறுபடி சிரிக்கவைக்கப் போய்விட்டார். பாகவதருக்குத்தான் பழைய மவுசு திரும்பவில்லை. ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது. டீக்கடை அப்பீலை அனுமதிக்கவில்லை.

வம்பின் கதை அதோடு முடியவில்லை. 1955 ஜனவரியில் பூந்தமல்லிப் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. நேருவும் காமராஜரும் நிற்க, பிரமாண்டப் பந்தல். செல்வம் சமமாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள். வம்பு மட்டும் அந்தப் பக்கத்தில் ஏழை, பணக்காரன் பார்க்காமல் வீட்டுக்கு வீடு சமமாகப் போய்ச் சேர்ந்தது. அதிலும் 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு, விநியோகம் இன்னும் சுலபமாயிற்று.

ஒரே சேனல். கைவிட்டு எண்ணக்கூடிய செய்தி வாசிப்பாளர்கள். அவர்கள் கட்டிய புடவையை வைத்துத்தான் அம்பத்தூரில் ஜவுளிக்கடைச் சண்டையே நடந்தது. அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு வாரம் திரையில் இல்லை என்றால்? உடம்பு சரியில்லையோ, டியூட்டி சார்ட் மாறிவிட்டதோ என்று நினைக்க நாம் என்ன மரக்கட்டைகளா! அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்டில் 'லீவாம்' என்று கிளம்பிய சங்கதி, ஆவடி டாங்க் ஃபேக்டரி கேட்டைத் தொடும்போது 'டிவோர்ஸாம்' ஆகும். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் 'ஒரு பெரும்புள்ளி' சேர்ந்துகொள்வார். ராத்திரி செய்தியில் அந்த அம்மா வழக்கம்போல் 'வணக்கம்' என்று வந்து உட்கார்ந்தால்? 'பார்த்தியா, ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிக்குது!'

எந்தப் பெரும்புள்ளி, எந்த அம்மா என்று இங்கே எழுதுவேன் என்று எதிர்பார்த்தீர்களா? உங்கள் மனசில் இப்போது ஒரு முகம் வந்திருக்குமே, அதற்கு நான் பொறுப்பில்லை. இந்தத் தொழிலின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. லட்சுமிகாந்தன் ஆளைத் தாக்கி எழுதினார், கத்திக்குத்து வாங்கினார். பின்னால் வந்தவர்கள் புத்திசாலிகள். 'மூன்றெழுத்து நடிகர்', 'மாலைநேரச் செய்தி அம்மணி' என்று பாதிக் கோலம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். மீதியை வாசகரே முடித்துக்கொள்வார். வழக்குப் போட வேண்டுமானால் வாசகர் மேல்தான் போட வேண்டும்!

பிக் பாஸ் இந்தச் சிரமத்தையெல்லாம் ஒழித்துவிட்டது. வீடு முழுக்க கேமரா. உள்ளே இருப்பவர்களே ஒருவரைப் பற்றி ஒருவர் புறம் பேசுவார்கள். 2024 ஜனவரி வரை வாராவாரம் கமல்ஹாசன் வந்து பஞ்சாயத்து செய்துகொண்டிருந்தார். செய்தி வாசிப்பாளர்களும் போட்டியாளர்களாக அந்த வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். என்ன ஒரு முன்னேற்றம்! அன்றைக்கு வெளியே வரக் கூடாது என்பதற்காகப் பணம் கைமாறியதாகப் பேச்சு. இன்றைக்கு வெளியே தெரிவதற்கு வாரச் சம்பளம்.

அதெல்லாம் சரி, லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. போட் மெயில் ரயிலில் நடந்த ஒரு கொலையைப் பற்றி அவர் எழுதியதுதான் காரணம் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. ஜூரி, ஹைகோர்ட், பிரிவி கவுன்சில் எல்லாம் சேர்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டும் விடை கிடைக்காத கேள்வி. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் சென்ட்ரலில் ஆவடி லோக்கலைப் பிடியுங்கள். வில்லிவாக்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் மெதுவாகக் கேளுங்கள். அம்பத்தூர் வருவதற்குள் மூன்று பேரைச் சொல்லிவிடுவார். பேரை மட்டும் சொல்ல மாட்டார்.