அநாமதேய சாதன விசாரம்

இல்லறத்தானுக்குரிய கடமைகளை வகுத்த நம் முன்னோர், விருந்தோம்பலுக்கும் ஒப்புரவறிதலுக்கும் தனித்தனியே அதிகாரம் வைத்தார்களேயன்றி, வைஃபை ரூட்டரின் பட்டியலில் நள்ளிரவில் தலைகாட்டும் பெயர் தெரியாத சாதனத்தை அவன் எங்ஙனம் நடத்த வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது, பின்வந்த ஆராய்ச்சியாளருக்கு அவர்கள் செய்த பேருபகாரம் என்றே கொள்ள வேண்டும்.

வீட்டு வலையில் வந்து சேரும் சாதனங்களை ஸ்தாவரம், ஜங்கமம் என இரு வகையாகப் பிரிப்பது எளிது. சுவரில் மாட்டிய டி.வி., வாசற் கேமரா, ஏ.சி., ஸ்மார்ட் பிளக் முதலியன ஸ்தாவரம். கைபேசி, மடிக்கணினி, மணிக்கட்டுக் கடிகாரம் ஆகியவை ஜங்கமம். இப்பாகுபாட்டுக்கு அடங்காமல் ஆய்வாளரைத் திணறடிப்பது பிரிண்டர் ஒன்றே. இடத்தால் அது ஸ்தாவரம். மேஜையை விட்டு ஓர் அங்குலம் நகர்வதில்லை. குணத்தாலோ ஜங்கமம், நேற்றுக் கண்ட முகவரியில் இன்று இராது. காரணம் யாதெனில், 1993-இல் வகுக்கப்பட்ட டி.ஹெச்.சி.பி. என்னும் முறைப்படி ரூட்டர் எந்தச் சாதனத்துக்கும் முகவரியைக் கிரயம் செய்து தருவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகவே தருகிறது. அணைத்துக் கிடந்த பிரிண்டர் விழித்தெழும்போது குத்தகை முடிந்து, அதன் பழைய எண்ணில் வேறொன்று குடியேறியிருக்கக்கூடும். பிள்ளையின் ஹால் டிக்கெட்டை அச்சிட வேண்டிய காலையில் இச்சம்பவம் நேர்வது ஏன் என்பதற்கு மட்டும் சாஸ்திரத்தில் விளக்கமில்லை. பிரிண்டருக்கென ஒரு முகவரியை ரூட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இவ்வியாதி தீரும்.

முகவரிப் பஞ்சத்தைப் பற்றி அஞ்சுவோரும் உளர். உலகத்துக்கென வகுத்த சுமார் 429 கோடி பழைய முகவரிகளின் மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது மெய்யே. எனினும் 1996-இல் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டால், 192.168 எனத் தொடங்கும் எண்களை எந்த வீட்டாரும் எவரையும் கேளாமல் தம் வீட்டுக்குள் எடுத்தாளலாம். நம் கூடத்து டி.வி.யும் பின்லாந்தில் யாரோ ஒருவருடைய டி.வி.யும் ஒரே இலக்கத்தில் குடியிருந்தாலும் வழக்கு எழாது. வழக்கமான அமைப்பில் ரூட்டர் போக 253 இடங்கள் எஞ்சுகின்றன. அத்தனையும் நிரப்பும் வசதி படைத்த கிரகஸ்தர் இக்கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இனிப் பிரதான விஷயத்துக்கு வருவோம். பட்டியலில் பெயரின்றி நிற்கும் அந்தச் சாதனம் யாருடையது? பக்கத்து வீட்டாருடையது என்பது பூர்வபக்ஷம். வீட்டின் மூத்தோர் இதை உறுதியாகப் பற்றி நிற்பர். பரிகாரமாக உடனே பாஸ்வேர்டை மாற்று என்றும் விதிப்பர். இது பொருந்தாது. பக்கத்து வீட்டாருக்குப் பாஸ்வேர்டு தெரிய வேண்டுமாயின் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர்கள் ஒரே ஒரு சாதனத்தோடு நிறுத்தியிருப்பார்களா? மேலும், பாஸ்வேர்டை மாற்றுவது லேசான காரியமன்று. மாற்றிய கணமே பல்பு, பிளக், கேமரா யாவும் நினைவிழந்து, ஒவ்வொன்றையும் அதனதன் செயலி கொண்டு மறுபடி அறிமுகம் செய்விக்க வேண்டிய பிரளயம் விளையும். புது ரூட்டர் வாங்குவோர் பழைய வலைப்பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே இட்டால் பெரும்பாலான சாதனங்கள் எஜமான் மாறியதை அறியாமலே வேலை செய்யும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அநாமதேயம் நம் வீட்டுச் சொத்தே என்பதுதான் சித்தாந்தம். அதைத் துணிவதற்கு மூன்று பிரமாணங்கள் உண்டு. சாதனத்தை அணைத்துவிட்டு, பட்டியலில் அதன் வரி மறைகிறதா என்று காண்பது பிரத்யக்ஷம். மாடிப்படியில் நின்றுகொண்டு, “யார்டா புதுசா எதையோ கனெக்ட் பண்ணினது?” என்று வீடதிரக் கேட்பது சப்தப் பிரமாணம், இதற்கு ஒருபோதும் விடை வந்ததில்லை. எஞ்சியது அனுமானம். ஒவ்வொரு சாதனத்துக்கும் பன்னிரண்டு எழுத்திலக்கம் கொண்ட மேக் முகவரி ஒன்று உண்டு. அதன் முற்பாதி உற்பத்தியாளரின் குலத்தைச் சொல்லும். ஆயினும் குலத்தைக் கண்டு குழம்பலாகாது. ஷாங்காயிலுள்ள எஸ்பிரெசிஃப் என்னும் நிறுவனத்தின் பெயர் பட்டியலில் தென்பட்டால் அந்நியர் ஊடுருவினர் என்று பதற வேண்டியதில்லை. எத்தனையோ பிராண்டுகளின் பல்பிலும் பிளக்கிலும் உள்ளிருக்கும் சில்லு அவர்களுடையது.

மேக் முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாயின், அது தொழிற்சாலை இட்ட பெயரன்று, சாதனம் தானே புனைந்துகொண்டது என்று அறிக. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், கைபேசிகள் இவ்வாறு வலைக்கு ஒரு மாறுவேஷம் பூணுகின்றன. தம் சொந்தக்காரரைப் பிறர் பின்தொடராதிருக்க அவை செய்யும் இந்த உபாயத்தால், வீட்டு வலையை ஒருமுறை மறந்துவிட்டு மீண்டும் சேரும் கைபேசி புதுமுகமாக வந்து நிற்கவும் கூடும். நள்ளிரவில் கிரகஸ்தனின் தூக்கத்தைக் கெடுத்த கள்வன் பல சமயம் அவன் தலைமாட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் அவனுடைய கைபேசியே.

இவ்வளவுக்கும் அகப்படாதது ஏதேனும் எஞ்சினால், ரூட்டரில் அந்த வரியைத் தடை செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். “நெட் போச்சு!” என்று எந்த அறையிலிருந்து முதற்குரல் எழுகிறதோ, அந்த அறைக்காரருடையது அது; அன்றே அதற்குரிய பெயரைப் பட்டியலில் எழுதிவிடுக. குரலே எழாவிட்டால் ஒரு வாரம் தடையை நீட்டிக்கலாம்; பாதகமில்லை. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர் மீட்டிங்கில் இருக்கும் வேளையில் இப்பரீட்சையை நடத்த வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.