நேர்மையிலிருந்து விலக்கு கோரும் மனு

பெறுநர்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.

பொருள்: 2023-ஆம் ஆண்டின் நெறிமுறைகளைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

வணிக நிறுவனங்களின் மின்னஞ்சல்களுக்கும் லேண்டிங் பேஜ்களுக்கும் வாசகம் எழுதிப் பிழைக்கும் மனுதாரர்கள் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்: மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொட்டவர் நேரே வந்து இறங்கும், வாங்கவைத்தல் அல்லது பதிவுசெய்யவைத்தல் என்ற ஒரே நோக்கத்துக்காகக் கட்டப்பட்ட பக்கமே லேண்டிங் பேஜ் ஆகும். அப்பக்கத்தில் மனுதாரர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவரும் கைவேலையை, 2023 நவம்பர் 30 அன்று ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் 'டார்க் பேட்டர்ன்' என்று, அதாவது பயனர் தாம் எண்ணியிராத ஒன்றைச் செய்யும்படி ஏமாற்றும் வடிவமைப்பு என்று பெயரிட்டு, 13 வகைகளாகப் பிரித்துத் தடைசெய்துள்ளன. தொழிலுக்குப் புதிதாக வருவோர்க்கு அப்பட்டியல் நல்லதொரு பாடநூலாகப் பயன்பட்டு வருவதை இங்கு நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

பட்டியலின் முதல் வகையாகிய 'போலி அவசரம்' குறித்தே மனுதாரர்களின் மனவருத்தம் பெரிது. இணையவழிப் பயிற்சி ஒன்றை விற்கும் பக்கத்தின் உச்சியில் சிவப்பு எண்களில் ஒரு கடிகாரம் 14:59 என்று தொடங்கிக் கீழிறங்குகிறது; பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் மறுபடியும் 14:59 ஆகிறது. இழந்த காலத்தைத் திருப்பித் தரும் இத்தகைய கருணை வேறெந்தத் தொழிலிலும் காணக் கிடைக்காது. கடிகாரத்துக்குக் கீழே 'இன்னும் 3 இடங்களே உள்ளன' என்ற வரி வருகிறது. விற்கப்படுவது முன்பே பதிவுசெய்த வீடியோ என்பதும், வீடியோவுக்கு நாற்காலி தேவையில்லை என்பதும் உண்மையே எனினும், பற்றாக்குறை இல்லாத இடத்தில் அதை உண்டாக்குவதைத்தான் மனுதாரர்கள் படைப்பாற்றல் என்று நம்பி வந்திருக்கின்றனர்.

சப்ஜெக்ட் லைன் எனப்படும், மின்னஞ்சலைத் திறக்குமுன் கண்ணில் படும் பொருள்வரி இதனினும் நுட்பமானது. உள்ளே இருப்பதைச் சொல்வது அதன் வேலை என்று ஆணையம் கருதக்கூடும்; மனுதாரர்களோ, முன்பின் அறியாதவருக்கு அனுப்பும் மடலின் தலைப்பில் 'ரீ:' என்று சேர்த்து, அவரே ஏற்கெனவே எழுதியிருந்தார் போலும் என்று அவரை மலைக்கவைப்பர். இதன் வெற்றியை அளப்பது ஓபன் ரேட், அதாவது மடலைத் திறந்தோரின் விகிதம். மடலுக்குள் ஒளித்துவைத்த சிறு படம் தரவிறங்கினால் அது திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021-இல் ஆப்பிள் நிறுவனம், தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றவர்களுக்கு, மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அப்படங்களைப் பின்னணியில் முன்கூட்டியே இறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபின், படிக்காதவர்களும் மனுதாரர்களின் வாசகர்களாகிவிட்டனர். இந்தப் பொற்காலத்தைக் கெடுப்பதுபோல, நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் மடல் அனுப்புவோர் விலகும் வசதியை ஒரே சொடுக்கில் தரவேண்டும், ஸ்பாம் புகார்கள் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் விதித்திருக்கிறது. ஆயிரம் பேருக்கு மூவர் கோபித்துக்கொண்டாலே ஆபத்து என்றால் தொழில் நடத்துவது எங்ஙனம்?

மனுதாரர்களின் உண்மையான அச்சம் வேறு. பொய்யான அவசரத்தை நீக்கினால் அவ்விடத்தில் எதையாவது எழுதியாக வேண்டும். எழுத வேண்டுமெனில் விற்கும் பொருள் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி 1958-இல் வெளிவந்த ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்துக்காக அந்தக் காரைப் பற்றி மூன்று வாரம் வெறுமனே படித்துக்கொண்டிருந்தாராம். அதன் பயனாக, மணிக்கு 60 மைல் வேகத்திலும் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையதே என்ற ஒரு தகவல் கிடைத்தது, அதுவே தலைப்புமானது. இம்முறை பரவினால் வரியும் டெலிவரிக் கட்டணமும் சேர்ந்த விலை முதல் திரையிலேயே தெரியும், வாங்குவோர் எதற்காகத் தயங்குகிறார் என்று கேட்டறிந்து பதில் எழுத நேரும், 'வாழ்க்கையை மாற்றுக' என்ற பொத்தான் 'ரூ. 499 செலுத்துக' என்று மாறும். மூன்று வாரத்தில் மனுதாரர்கள் முப்பது லேண்டிங் பேஜ் முடித்துக்கொடுப்பவர்கள் என்பதை ஆணையம் கருணையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நெறிமுறைகளைத் திரும்பப் பெறுமாறும், இயலாதெனில் மனுதாரர்கள் விற்பனைப் பொருள்களைப் பற்றிப் படித்தறியும் காலம்வரை நிறுத்திவைக்குமாறும் வேண்டப்படுகிறது.

பி.கு.: இம்மனுவைப் பிரித்ததன் மூலம் ஆணையத்தின் உறுப்பினர்கள் மனுதாரர்களின் வாராந்திர மடலுக்குச் சந்தாதாரர்களாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். முதல் மாதம் இலவசம். விலக விரும்புவோர் வேலைநாள்களில் பகல் 2 மணி முதல் 2.15 வரை தொலைபேசியில் அழைக்கலாம்.