திங்கள் மழையைத் திங்கள் கணக்கிலேயே எழுதக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
குடும்பத் தலைவர் (ரேஷன் கார்டில் மட்டும்),
பெண்டில் ஹில், சிட்னி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையம்,
மெல்பர்ன்.

பொருள்: அரசர் பிறந்தநாள் விடுமுறையன்று மெரிலேண்ட்ஸில் பெய்த மழை – மறுநாள் கணக்கில் வரவு வைக்கப்படுவது – விடுமுறைக் கணக்குக்கே மாற்றித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. அன்றைய ஓட்டல் பில். 2. அன்றைய ஓப்பல் பயண அட்டைக் கணக்கு. 3. இன்னும் காயாத காலுறைகள்.

ஐயா / அம்மையீர்,

உங்களை எப்படி விளிப்பது என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த நாட்டில் எல்லாரும் உங்களை ‘பாம்’ (BoM) என்றுதான் சொல்கிறார்கள். 2022 அக்டோபரில், தென்கிழக்கு ஆஸ்திரேலியா வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, இனி அப்படிச் சொல்ல வேண்டாம், ‘பியூரோ’ என்று சொல்லுங்கள் என ஊடகங்களைக் கேட்டுக்கொண்டீர்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தவித்திருப்பார்கள். எனவே இந்த விண்ணப்பத்தில் ‘தாங்கள்’, ‘நீங்கள்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

2025 அக்டோபரில் புது இணையதளம் திறந்தீர்கள். செலவு 4.1 மில்லியன் டாலர் என்று முதலில் சொன்னார்கள். பிறகு முழுக் கணக்கு 96.5 மில்லியன் என்று வந்தது. முன்னால் நடந்ததைப் பின்னால் கணக்கில் சேர்க்கும் வழக்கம் உங்களுக்கு மழையில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் விண்ணப்பம் அந்த மழைக் கணக்கைப் பற்றியதே. மழைமானியைக் காலை 9 மணிக்குப் பார்க்கிறீர்கள். அதுவரையான 24 மணி நேரத்தில் சேர்ந்த தண்ணீரை, பார்த்த நாளின் பெயரில் எழுதிவைக்கிறீர்கள். ஆக, திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கி, மதியம் வலுத்து, மாலை எங்களை ரயில் ஏற்றிவிட்டு ஓய்ந்த மழை முழுவதும் உங்கள் ஏட்டில் செவ்வாய்க்கிழமை மழை. செவ்வாயன்று வெயில் பல்லைக் காட்டியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நான் வேலைக்குப் போனேன். வருங்காலத்தில் யாராவது உங்கள் ஏட்டைப் புரட்டினால், ‘பாவம், செவ்வாய்க்கிழமை நனைந்திருக்கிறார்கள், நல்லவேளை, விடுமுறை தப்பியது’ என்றுதானே நினைப்பார்கள்?

முன்னறிவிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். 90 சதவீத வாய்ப்பு என்று போட்டிருந்தது, பெய்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பாதான் அதை ஏற்கவில்லை. ‘ஏதேனும் மழை’ என்று நீங்கள் சொல்லிவந்ததற்குக் கீழ் வரம்பு 0.2 மில்லிமீட்டர் என்று விளக்கினேன். “அது மழையாடா, வேர்வையா?” என்றார். எட்டு முதல் இருபது மில்லிமீட்டர் வரை பெய்யலாம் என்றேன். “சென்டியில சொல்லு.” “இரண்டு சென்டி.” “ரெண்டு சென்டிக்கா வீட்டுல உட்காரச் சொல்ற?” என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அப்பா தாம்பரத்துக்காரர். 2015 டிசம்பரில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் வாங்கிய ஊர். சிட்னி வரலாற்றிலேயே அதிகம் நனைந்த ஆண்டு 2022. அந்த ஆண்டு முழுக்க அங்குள்ள உங்கள் அப்சர்வேட்டரி ஹில் நிலையத்தில் பெய்தது ஏறக்குறைய 2,530 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு ராத்திரி, ஒரு பகலில் பார்த்தவரிடம் உங்கள் மில்லிமீட்டரைக் காட்டி மிரட்ட முடியாது.

ஆகவே கிளம்பினோம். டி5 ரயிலில் பெண்டில் ஹில்லில் ஏறினால் பரமட்டா, ஹாரிஸ் பார்க் தாண்டி நேராக மெரிலேண்ட்ஸ். நடப்பது, வாங்குவது, சாப்பிடுவது என்று மூன்று அம்சத் திட்டம். மூன்றும் மெரிலேண்ட்ஸ் ரோட்டிலேயே முடிந்துவிடும் என்பதுதான் அந்த ஊரின் சிறப்பு. ஆப்கன் ரொட்டிக்கடை, லெபனான் பேக்கரி, பிஸ்தாவும் பாதாமும் வறுத்துக் கொட்டியிருக்கும் கடை, ஜரிகைத் துணி தொங்கும் கடை என்று காபூலும் பெய்ரூட்டும் ஒரே நடைபாதையில் தோள் உரசி நிற்கும். எங்கள் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் மட்டும் பெண்டில் ஹில்லுக்கே திரும்ப வேண்டும்.

அந்த நடைபாதையில் நான் கண்டதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கடைகளுக்கு முன்னால் தகர நிழற்கூரை உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கூரை. ஒன்று சற்று உயரம், அடுத்தது சற்றுத் தாழ்வு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. நடைபாதை முழுக்க வறண்டிருக்க, அந்த ஒரு முழத்தில் மட்டும் மழை கம்பியாக இறங்கியது. கூட்டம் அதன் முன்னால் ஒரு நொடி நிற்கும், குனியும், தாண்டும். தள்ளுவண்டிக் குழந்தைக்கு முதலில் கால், பிறகு தலை நனையும். என் மகள் அந்த இடைவெளிகளை எல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள். என் மனைவி குடையை விரித்து மடக்கி விரித்து மடக்கி, மூன்றாவது கூரை தாண்டியதும் விரிப்பதை விட்டுவிட்டார். உங்கள் மழைமானியின் வாய் 203 மில்லிமீட்டர் விட்டம் என்று படித்திருக்கிறேன். அதை அப்படியே அந்த இடைவெளிக்குக் கீழே வைத்திருந்தால் மெரிலேண்ட்ஸ் அன்றைக்கே சிரபுஞ்சியை முந்தியிருக்கும்.

இன்னொரு சங்கதி. தூறல் தொடங்கிய சில நிமிஷங்களில் ஒரு மலிவுவிலைக் கடைக்காரர் உள்ளேயிருந்து குடைக் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். வானத்தை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய்ப் பெரிய குடைகள் இருந்த கூடையையும் கொண்டுவந்தார். அரைமணி நேரத்தில் கனமழை. ஒரு மில்லியன் கூடச் செலவாகவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆப்கன் ஓட்டலில் மந்துவும் காபூலி புலாவும். மந்து என்பது கறி வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே தயிரும் பருப்புக் குழம்பும் ஊற்றித் தருவது. புலாவில் காரட்டையும் திராட்சையையும் பார்த்த அப்பா, “இதைக் கேசரியில போடலாமே” என்று தொடங்கி, தட்டைக் காலிசெய்த பிறகே மறுபடி பேச வாயைத் திறந்தார். கிளம்பும்போது வாங்கிய நீள நான் ரொட்டி சூடாக இருந்தது. காகிதம் நனைந்துவிடும் என்று அப்பா அதைக் கைக்குழந்தையைப் போல மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நடந்தார். குடும்பத்தில் கடைசிவரை நனையாமல் வீடு சேர்ந்தது அந்த ரொட்டி ஒன்றுதான்.

இப்போது ஆதாரங்கள்.

ஒன்று, ஓட்டல் பில். அடியில் ‘பொது விடுமுறை கூடுதல் கட்டணம் 15 சதவீதம்’ என்று அச்சிட்டிருக்கிறது. அன்று திங்கள், அன்று விடுமுறை என்பதில் கல்லாப்பெட்டிக்கு எள்ளளவும் ஐயமில்லை.

இரண்டு, ரயில். பொது விடுமுறையில் ஓப்பல் அட்டையின் ஒரு நாள் கட்டண உச்சவரம்பு, திங்கள் முதல் வியாழன் வரைக்கு உள்ளதில் பாதி. அந்தச் சலுகையும் எங்களுக்குத் திங்களன்றே கிடைத்தது, செவ்வாய்க்குத் தள்ளிவைக்கப்படவில்லை.

மூன்று, காவல்துறை. நீண்ட வார இறுதியில் வேகமாகக் கார் ஓட்டினால் உரிமத்தில் இரட்டைத் தண்டப் புள்ளி விழும். திங்களன்று செய்த குற்றத்தைச் செவ்வாய்க் கணக்கில் எழுதி ஒற்றைப் புள்ளியாக்கித் தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆக ஓட்டலும் ரயிலும் போலீஸும் ஒத்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமையை மழை மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளக்கூடாது?

தேதியை நகர்த்துவது ஒன்றும் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. அரசர் சார்லஸ் பிறந்தது நவம்பர் 14. நியூ சவுத் வேல்ஸ் அதை ஜூன் இரண்டாம் திங்கட்கிழமையில் கொண்டாடுகிறது. காரணம் கேட்டால், ஜூன் 3-ல் பிறந்து 1936-ல் காலமான ஐந்தாம் ஜார்ஜின் தேதியை ஒட்டி வந்த பழக்கம் என்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் அதே அரசர் அக்டோபரில் பிறக்கிறார். மேற்கு ஆஸ்திரேலியாவில் வழக்கமாகச் செப்டம்பர் கடைசியில். ஓர் அரசரை மூன்று மாதங்களில் பிறக்கவைக்கத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு மழையை ஒரே ஒரு நாள் பின்னோக்கி நகர்த்துவது பெரிய காரியமா?

இதற்குள் அப்பா ஒரு கேள்வி கேட்டு எங்கள் தரப்பையே கெடுத்துவிட்டார். “நாள் எப்போடா பிறக்குது?” என்றார். கடிகாரத்துக்கு நள்ளிரவில். ஓப்பல் அட்டைக்கு விடிகாலை 4 மணிக்கு. அவருடைய பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில். சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்குக் காலை 8.30-க்கு. உங்களுக்கு 9-க்கு. அப்போதுதான் அவருக்கும் உறைத்தது: தாம்பரத்தின் அந்த 49 சென்டியும் டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான கணக்கு. “நாங்க முங்கினது செவ்வாய்க்கிழமைடா. புதன்கிழமைன்னா எழுதியிருக்கான்?” என்று அன்று இரவு முழுவதும் புலம்பினார். ஆகவே இது மெரிலேண்ட்ஸில் நனைந்த ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட வழக்கு அல்ல. சென்னைப் பெருவெள்ளமும் இதில் ஒரு மனுதாரர்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. ஒன்பது மணி என்பது அலுவலகச் சோம்பலில் வந்த நேரம் இல்லை. தபால் நிலையத்திலும் பண்ணையிலும் இருந்த மனிதர்கள் காலையில் எழுந்துபோய், மானியில் உள்ள தண்ணீரை அளந்து, கையால் எழுதிவைத்த காலத்திலிருந்து வருவது அது. இன்றும் நாடெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் அதைச் செய்துவருகிறார்கள். மழைக்கோட்டும் டார்ச்சுமாக நள்ளிரவு 12 மணிக்கு அளக்கப் போ என்று யாரிடமும் சொல்ல முடியாது. நேரத்தை மாற்றினால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஏடு நடுவில் முறிந்துபோகும். 1950-ஐயும் 2022-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. எங்கள் ஒரு நாள் விடுமுறைக்காக அந்த ஏட்டைக் கலைக்கச் சொல்லும் அளவுக்கு நாங்கள் கல்நெஞ்சர்கள் இல்லை.

எனவே அடியேனின் கோரிக்கைகளைச் சுருக்கிக்கொள்கிறேன்:

அ) பொது விடுமுறைக்கு மறுநாள் பதிவில் ஒரு நட்சத்திரக் குறி இட்டு, ‘இந்த மழை நேற்று ஒரு குடும்பத்தின் மேல் பெய்தது’ என்று அடிக்குறிப்பு தரலாம்.

ஆ) அடிக்குறிப்புக்கு இடமில்லை என்றால், மழை எந்தக் கிழமைக் கணக்கில் ஏறுகிறதோ அந்தக் கிழமையை விடுமுறையாக்கும்படி மாநில அரசுக்குப் பரிந்துரைக்கலாம். என் மகன் இதை முழுமனதோடு ஆதரிக்கிறான்.

இ) இரண்டும் இயலாது என்றால், எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மழைமானி வைக்க அனுமதி தாருங்கள். அப்பா ஊர் திரும்பும்வரை தினமும் காலை 9 மணிக்குத் தவறாமல் அளந்து எழுதத் தயாராக இருக்கிறார். எந்தக் கிழமையில் எழுதுவார் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பேற்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விடுமுறையில் நனைந்து, வேலைநாளில் காய்ந்தவன்.

இணைப்பு: காலுறை, ஒரு ஜோடி. (அளந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.)

நகல்: நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம், சென்னை – 2015 நிலுவை குறித்து, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.